பந்தலுக்கு வைத்த முள்

பந்தலின் வாசலில் வைத்த வேலமுள் காலையில் அங்கே இல்லை. மருதாத்தாள் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காரில் ஏறியிருக்க மாட்டாள்.

அன்று பூ நோம்பி. வெள்ளிக்கிழமை பொங்கல், சனிக்கிழமை பட்டிப் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சோறு கட்டிக்கொண்டு தண்ணீர்க்கரைக்குப் பூப்பறிக்கப் போகும் நாள். மீனாட்சிபுரத்துப் பெண்கள் பக்கத்து வாய்க்காலோடு திரும்பிவிடுவார்கள். இந்த வருஷம் நங்கையாள், அதாவது நாத்தனார், வந்திருந்தாள். கணவனின் அக்கா வள்ளியாத்தாள், திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆழியாறு அணைக்குத்தான் போக வேண்டும் என்று குப்பண்ணனின் வாடகைக் காரைப் பேசிவிட்டாள். அவளும், அவள் மகள் ஆறு வயதுச் செல்லாத்தாளும், மருதாத்தாளும். மருதாத்தாளின் கணவன் பொங்கியண்ணன் விடிவதற்குள் கரும்புக் காட்டுக்குப் போயிருந்தான். மாடுகளைப் பார்க்க மாமியார் பெரியம்மாள் வீட்டில் தங்கினாள்.

காலேஜில் வேதியியல் படித்து வந்த மருமகள் என்பதால் மருதாத்தாளுக்கு வீட்டில் ஒரு பட்டம் இருந்தது: பி.எஸ்.சி. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். அவள் வாய் திறப்பது குறைந்துபோனது. பேச்சுக்குப் பதிலாகப் பின்வாசலில் அவரைக்கொடி போட்டாள். பந்தல் நிறையப் பூத்து, மார்கழிக் கடைசியில் கொத்துக் கொத்தாகக் காய் இறங்கியபோது அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. தண்டெல்லாம் கறுத்தது.

"பருத்திக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் அடிக்கட்டுங்களா அத்தை?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சோறு திங்கற எடத்துல அந்தக் கருமம் வேண்டாம் அம்மிணி. போனாப் போகுது, சாம்பலைத் தூவு" என்றாள் பெரியம்மாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் பட்டிக்குப் போன நேரத்தில் அவள் அடித்தாள். மாட்டுக்கொட்டகைப் பரணில் மண்டையோட்டுப் படம் பாதி கிழிந்த டின் இருந்தது. டின்னின் மூடியாலேயே ஒரு மூடி மருந்து அளந்தாள். வயலில் ஒரு மூடிக்கு, இரண்டு குடம் பிடிக்கும் தெளிப்பான் டாங்கி நிறையத் தண்ணீர் ஊற்றுவார்கள். அவள் ஒரு குடம்தான் ஊற்றினாள். பூச்சி சாக வேண்டுமே என்றிருந்தது. அடித்து முடித்த பிறகு பூண்டும் ரப்பரும் கலந்தாற்போல ஒரு வாடை நின்றது. பத்து நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடித்ததையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலமுள்ளை இழுத்துப் பந்தலின் வாசலை அடைத்தாள்.

அந்த வீட்டில் முள் வைத்தால் கோழி நுழைகிறது என்று பொருள். அது அவள் நினைவுக்கு வரவில்லை.

கார் ஆனைமலை தாண்டும்போது வள்ளியாத்தாள் தலையை வெளியே நீட்டித் துப்பினாள். சற்றுப் பொறுத்து மறுபடியும்.

"வாயில தண்ணியா ஊறுது. தலையும் கிறுகிறுங்குது" என்றாள்.

"பஸ்ஸுல திருப்பூர்ல இருந்து வாரீங்கொ, என்ற காருல மட்டும் கொமட்டுதா?" என்றான் குப்பண்ணன்.

"உன்ற காருக்குள்ளார பெட்ரோல் நாத்தம். பேசாம ஓட்டு."

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த ஆவாரம்பூவைக் கிள்ளி மருதாத்தாளின் கொண்டையில் செருகினாள். கை முகத்தருகே வந்து போனது. பூவாசம் வரவில்லை. பூண்டு.

"நங்கையா, பூண்டு உரிச்சீங்களா?"

"பூண்டா? அவரைக்கா பறிச்சு நறுக்கினேன். கோழி வருதுன்னு முள்ளு வெச்சிருந்தியே, அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு கூடை பறிச்சேன். பனியில நனைஞ்சு பிசுபிசுன்னு இருந்துச்சு. உன்ற பந்தலு சும்மா சொல்லக் கூடாது அம்மிணி, காய் அப்பிடி. தேங்காப்பூப் போட்டுப் பொரியல் வெச்சிருக்கேன்."

தூக்குப்போசி மருதாத்தாளின் காலடியில் இருந்தது. மேல் அடுக்கில் புளிச்சோறு, கீழ் அடுக்கில் பொரியல். கார் குலுங்கும்போதெல்லாம் அது கணுக்காலில் வந்து இடித்தது.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். வாக்கியம் தயாராகவும் இருந்தது. அதன் பின்னால் வரப்போகும் கேள்விகளும் தயாராக இருந்தன. யாரைக் கேட்டு அடித்தாய்? ஆத்தாள் வேண்டாம் என்றாளே? அவள் வாயை மூடிக்கொண்டு போசியை இரண்டு கால்களுக்கும் நடுவில் இறுக்கினாள்.

அணையில் கூட்டம். பாவாடை கட்டிய பெண் குழந்தைகள் கரை முழுவதும் ஓடினார்கள். வள்ளியாத்தாள் தண்ணீரில் இறங்கி முகமும் கையும் தேய்த்துக் கழுவினாள். "இப்பத் தேவலை" என்று படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள் செல்லாத்தாள்.

"அத்தைகிட்டப் போசியை வாங்கு கண்ணு."

மருதாத்தாள் போசியோடு எழுந்தாள். "நானே வெக்கிறனுங்க" என்று நாலு படி இறங்கினாள். மேல் அடுக்கை எடுத்து ஓரமாக வைத்தாள். கீழ் அடுக்கைத் தூக்கினாள். கை நழுவியது. நழுவ விட்டாள். போசி படிக்குப் படி உருண்டு கீழே மண்ணில் கவிழ்ந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பொரியல் சிதறிக் கிடந்தது.

"அடக் கருமமே! பி.எஸ்.சி. படிச்ச கை ஒரு போசி தாங்காதா?"

"வழுக்கிருச்சுங்க நங்கையா."

இரண்டு காக்கைகள் வந்து இறங்கின. மருதாத்தாள் கல்லெடுத்து எறிந்தாள். அவை தத்திப் போய் மறுபடியும் வந்தன. மறுபடியும் எறிந்தாள்.

"கொட்டுன சோத்துக்குக் காவல் வேறயா? திங்கட்டும் உடு, புண்ணியம்!" வள்ளியாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்லாத்தாளும் சிரித்தாள். மருதாத்தாள் குச்சியால் குழி தோண்டி எல்லாவற்றையும் தள்ளி மூடி மேலே கல்லைப் புரட்டி வைத்தாள். தண்ணீரில் கை கழுவும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் முடித்துவிட்டோம் என்ற சிரிப்பு.

புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். கைகழுவி வந்த வள்ளியாத்தாள், "போனாப் போகுது. ஆத்தாளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சுட்டுத்தான் வந்தேன். என்னிக்கும் களியும் மோருமே திங்கறவ. இன்னிக்கு ஒரு நாளைக்கு வாய்க்கு ருசியாத் திங்கட்டும்" என்றாள்.

தண்ணீரின் சத்தம் நின்றுபோனது போலிருந்தது.

"அத்தை எப்பச் சாப்புடுவாங்க?"

"இதென்ன கேள்வி? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு. உச்சிப்பொழுதுக்கு."

குப்பண்ணனின் கடிகாரத்தில் மணி பதினொன்று. ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"ஊட்டுக்குப் போலாமுங்க. எனக்குத் தலை வலிக்குது."

"வந்து அரை நாழி ஆகலை. பூ உட வேண்டாமா?" செல்லாத்தாள் அழ ஆரம்பித்தாள். ஆவாரம்பூவைத் தட்டில் அடுக்கி, நடுவில் சாணிப் பிள்ளையாரை வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். தட்டு கரையிலேயே சுற்றியது. போகவில்லை. வள்ளியாத்தாள் கையால் அலையடித்துத் தள்ளினாள். அதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது.

திரும்பும் வழியில் மருதாத்தாள் முன் சீட்டின் முதுகைப் பிடித்தபடி வந்தாள். கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது; பதினைந்து லாரிகள் நின்றன. அரிசி கடத்துகிறார்கள் என்று வண்டி வண்டியாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குப்பண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி எடுத்தான். அவன் கடிகாரம் பன்னிரண்டேகால் காட்டியது. வள்ளியாத்தாள் மறுபடியும் துப்பத் தொடங்கியிருந்தாள்.

"அவரைக்கு நான் மருந்து அடிச்சிருந்தேனுங்க" என்றாள் மருதாத்தாள்.

யாருக்கும் காதில் விழவில்லை. அவ்வளவு மெல்லச் சொல்லியிருந்தாள்.

"என்ன அம்மிணி?"

"பருத்தி மருந்து! நேத்து அடிச்சேன். அந்தக் காயில வெஷம். கையில பட்டுத்தான் உங்களுக்கு இப்பிடி. போசியை வேணும்னுதான் கொட்டினேன். அத்தை தின்னுருவாங்க!"

வள்ளியாத்தாள் அவளைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். அடிக்கக்கூட இல்லை. "அத்தனை நேரம் கல்லெறிஞ்சுக்கிட்டு நின்னியேடி," என்றாள். "காக்காய்க்கு."

மருதாத்தாள் கதவைத் திறந்து இறங்கினாள். லாரிகளை ஒட்டி ஓடிப் போலீஸ்காரரின் முன்னால் நின்றாள்.

"அரி உண்டோ?" என்று மலையாளத்தில் அரிசியைக் கேட்டார் அவர்.

"வீட்டுல ஒரு உயிர் போகுதுங்க. மருந்து. நான் வெச்சது. கயிறை எறக்குங்க!"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் கயிற்றை இறக்கினார்.

வீட்டுக்கு வரும்போது மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. கட்டுத்தறியிலிருந்து ஒரு மாட்டையும் அவிழ்த்திருக்கவில்லை. தூக்கி எறிந்த வேலமுள் கிணற்றோரம் கிடந்தது. அடுப்படியில் மோர்ச்சட்டி மூடியபடி இருந்தது. கிண்ணம் இல்லை.

பெரியம்மாள் பின்வாசலில் அவரைப் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தாள். முதுகைத் தூணில் சாய்த்திருந்தாள். கிண்ணம் மடியில் காலியாக இருந்தது; இன்று மாட்டைக் கவனிக்கும் முன்பே சாப்பிட்டிருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து ரவிக்கை நனைந்திருந்தது. தோளில் தசை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

மருதாத்தாள் மண்டியிட்டு அவள் இமைகளை விலக்கினாள். கண்ணின் பாப்பா கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. அது அந்த மருந்தின் வேலை என்று அவளுக்குத் தெரியும்.

"குப்பண்ணா, காரைத் திருப்புங்க! பெரியாஸ்பத்திரிக்கு! நங்கையா, நீங்களும் ஏறுங்க. பரண்ல இருக்கிற டின்னை எடுத்துக்கங்க, டாக்டர்கிட்டக் காட்டோணும். அத்தை, இங்க பாருங்க! அத்தை!"

பெரியம்மாளின் தலை மெல்லத் திரும்பியது. கண்கள் அவளைத் தாண்டி எங்கேயோ தேடின.

"யாரு அது?" என்றாள். நாக்கு குழறியது. "நம்மூட்டுல... யாரு இத்தனை சத்தமாப் பேசறது?"