பிரிண்ட் போட்டால் சரியாகிவிடும் பிழை

மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் அந்த மென்பொருள் லைப்ரரி ஒரு சோம்பேறி. திட்டவில்லை, அதைச் செய்ததே அப்படித்தான். கூட்டச் சொன்னால் உடனே கூட்டாது, கூட்ட வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளும். விடையை யாராவது கேட்டால்தான் கை வேலைக்குப் போகும். இயந்திரங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இதனால் வேண்டாத கணக்குப் போடும் வேலை மிச்சம்.

அதில் டென்சரை, அதாவது எண்கள் அடுக்கிய பெட்டியை, இருந்த இடத்திலேயே மாற்றும் பகுதியைத் தம்பி எழுதினான். சோதித்துத் தேர்ச்சி கொடுத்தவள் அக்கா. எதையும் குடைந்துகொண்டே இருப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'நோண்டி' என்று பெயர். இரண்டு மாதம் கழித்து இப்போது புகார்: சில சமயம் விடை தப்பாக வருகிறதாம். எப்போது என்று யாருக்கும் பிடிபடவில்லை. மூன்று மணி மீட்டிங்குக்குள் பிழையைக் காட்டாவிட்டால் அந்தப் பகுதியையே தூக்கிவிடுவதாகத் தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டார். தம்பி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

அக்காவுக்கும் கவலைதான். ஆனால் கவலையை விட ஆவல் ஒரு படி கூட. டெஸ்ட்டை நூறு முறை ஓட்டினாள். நூறும் பாஸ்.

"இங்க பாரு. பெட்டியில நாலு பூஜ்ஜியம். எல்லாத்தோடயும் ஒண்ணு கூட்டி இன்னொரு பெட்டி. அப்புறம் பழைய பெட்டியில முதல் எண்ணை அஞ்சாக்குறேன். புதுசுல நாலும் ஒண்ணாவே இருக்கணும். இருக்கு."

"நடுவுல அது என்னக்கா ஒரு வரி?"

"பிரிண்ட்டா. கூட்டினது சரியான்னு விடையைத் திரையில காட்டச் சொல்லி ஒரு தடவை பாத்துக்..."

சட்டென்று அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். ஆறு, ஒன்று, ஒன்று, ஒன்று.

பிரிண்ட் போடுவது விடையைக் கேட்பதுதானே! கேட்டதும் சோம்பேறி அப்போதே கூட்டி முடித்துவிடுகிறது. கேட்காவிட்டால், முதல் எண் ஐந்தான பிறகு சாவகாசமாகக் கூட்டுகிறது. அம்மா எட்டிப் பார்க்கும்போது மட்டும் புத்தகத்தைப் புரட்டும் பிள்ளை மாதிரி.

"மாட்டிக்கிச்சுடா!" என்று அவள் மேசையைத் தட்டினாள். எண்ணை மாற்றும் முன் பாக்கிக் கணக்கை முடித்துவிடும்படி தம்பி நாலே வரி சேர்த்தான். பிரிண்ட் இல்லாமலே டெஸ்ட் பாஸானது. அவன் சிரித்தபோதுதான் இத்தனை நாள் பிழையை மறைத்தது தான் போட்ட பிரிண்ட் வரிதான் என்பது அவளுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மீட்டிங்கில் தலைமைப் பொறியாளர் திரையையே பார்த்தார். "சரி, இந்தப் பகுதி இருக்கட்டும். ஆனா இவ்வளவு சுலபமான தப்பு ரெண்டு மாசம் எப்படித் தப்பிச்சுது?"

"சார், நான்தான் அவசரத்துல..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா," என்று அக்கா எழுந்தாள். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன் சார். பாத்ததுதான் தப்பு."