சைகோன்காரி கடை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் பெரிய ரோட்டில், லாரிகள் நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் புளியமரத்தடியில் அந்தக் கடை முளைத்தபோது, மாரம்மா கொஞ்ச தூரம் தள்ளி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். ரோட்டை அகலப்படுத்தும் வேலை. ஐம்பத்தாறாம் வருஷத்துக் கோடை. தலைக்கு மேல் ஒரு கீற்றுத் தட்டி, கையில் சுத்தி, விரல்களில் சுற்றிய பழந்துணி. காலையில் கூழ் குடித்தால் பொழுது சாயும்வரை வேறெதுவும் கிடையாது.

கடையைப் பற்றி முதலில் சொன்னவள் பக்கத்துக் குவியலில் உட்கார்ந்திருந்த ஜோதியம்மாள்.

"சீனாக்காரியாட்டம் ஒருத்தி மாரம்மா. சைகோன்காரின்னு சொல்றாங்கோ. அரிசிச் சேவையப் புழிஞ்சு, கிண்ணத்துல போட்டு, எலும்பு ரசத்த மேல ஊத்திக் குடுக்கறா. லாரிக்காரனுங்க மொய்க்கறானுங்க."

"நமக்குக் குடுப்பாளா?"

"அதான் சங்கதி. நேத்து நம்ம கோவிந்தப்பன் போயிக்கீறான். பெஞ்சுல ஒக்கார வெச்சு, எல்லாருக்கும் குடுக்கற அதே கிண்ணத்துல குடுத்தாளாம். அவளுக்கு நம்மூரு வெவகாரம் ஒண்ணும் தெரியாதாட்டம் இருக்குது."

ஓசூர் டீக்கடைகளில் அவர்களுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். வாசலுக்கு வெளியே குந்தித்தான் குடிக்க வேண்டும். ஆகவே அந்தச் சனிக்கிழமை கூலி வாங்கியதும் இருவரும் கடைக்குப் போனார்கள். சாப்பிடப் போனதைவிட பெஞ்சில் உட்காரப் போனதுதான் அதிகம்.

நான்கு மூங்கில் கால், மேலே தென்னங்கீற்று. பெரிய அலுமினியக் குண்டானில் ஆட்டெலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. தோலோடு கரியச் சுட்ட இஞ்சியும் வெங்காயமும், அன்னாசிப்பூவும் பட்டையும் வெந்த வாசனை ரோட்டின் தார் நாற்றத்தையே அமுக்கியிருந்தது. குண்டானுக்குப் பின்னால் சின்ன உருவமாக ஒரு பெண். பெயர் லான். சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டியிருந்தாள். வெந்த சேவையைச் சூடு தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு துண்டு கறி வைத்து, கொத்துமல்லியும் புதினாவும் கிள்ளிப் போட்டு, கருவாட்டுத் தண்ணீர் கொஞ்சம் தெளித்து, அதன்மேல் ரசத்தை ஊற்றினாள். ஓரமாக அரை எலுமிச்சம்பழமும் ஒரு பச்சை மிளகாயும்.

எப்படிச் சாப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு லாரி டிரைவர் ரசத்தை முழுக்கக் குடித்துவிட்டுச் சேவையைத் தனியாகப் பிசைந்துகொண்டிருந்தார். லான் சிரித்தபடி இரண்டு குச்சிகளை எடுத்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். மாரம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "என்னம்மா, ரெண்டு கிண்ணமா?" என்று கேட்டது.

திரும்பினாள். ஒல்லியான ஆள், நரைத்த தலை, கையில் தண்ணீர்ச் சொம்பு. இடது காதின் கீழ்ப்பாதி இல்லை. எருதுவிடும் திருவிழாவில் கொம்பு கிழித்த காது அது. அந்தக் காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டவள் அவள்தான்.

அவள் புருஷன் கரியப்பன். மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணியோடு கப்பலேறிப் போனவன். சண்டை முடிந்து மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவன் அவர்கள் ஊரான ஜவளகிரிக்கு வந்து, சயாமில் ஜப்பான்காரன் ரயில் ரோடு போட்ட காட்டில் காலரா கண்டு செத்தவர்களோடு கரியப்பனையும் குழியில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணினான். ஏரிக்கரையில் வைத்து மாரம்மாவின் வளையல்களை உடைத்தார்கள். பிறகு திம்மப்பன் என்ற ஒருவன் அவளைக் கூட்டிக்கொள்ளக் கேட்டான். அவர்கள் சாதியில் அதற்குத் தடையில்லை. அவள்தான் மாட்டேன் என்றுவிட்டாள்.

அவனும் அவளைக் கண்டுகொண்டான். சொம்புத் தண்ணீர் தளும்பி அவன் பாதத்தில் கொட்டியது. ஆனால் வாய் திறந்தபோது, "ஒக்காருங்கம்மா, கொண்டாறேன்" என்றுதான் வந்தது.

மாரம்மா உட்கார்ந்தாள். கிண்ணம் வந்தது. கூச்சல் போட்டிருக்கலாம். கிண்ணத்தை அவன் முகத்தில் வீசியிருக்கலாம். அப்படி ஏதும் அவளுக்குத் தோன்றவில்லை. நாக்கு வெந்துபோகும் சூட்டில் அந்த ரசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அன்று காலைக்குப் பிறகு அவள் வயிற்றுக்குள் போன முதல் ஆகாரம் அது. ருசியாகவும் இருந்தது. அந்த ருசிக்காகத் தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

"நல்லா இருந்ததா அக்கா?" என்று அரைகுறைத் தமிழில் லான் கேட்டாள்.

"இருந்தது" என்றாள் மாரம்மா.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாள். வாய் தவறியாவது மாரி என்று அவன் கூப்பிடட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். இங்கே எல்லோரிடமும் தன் பெயர் முனிவேல் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கிண்ணம் வைக்கும்போது அவள் பக்கம் பார்க்காமல் வைத்தான். ஆறு, ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. முகம் தாயுடையது. கண் மட்டும் அவனுடையது.

லானுக்கு ஒன்றும் தெரியாது. வாரம் தவறாமல் வந்து, மிச்சம் வைக்காமல் குடித்து, பேசாமல் போகிற இந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஒருநாள் கூட்டம் குறைவு. மாரம்மாவின் கிண்ணத்தில் கூடுதலாக ஒரு கறித்துண்டைப் போட்டுவிட்டு எதிரில் குந்தினாள்.

"அக்கா, உனக்குப் புருஷன் இருக்கு?"

"செத்துட்டாரு."

"எங்க?"

"சயாம்ல."

லான் கையைத் தட்டினாள். "சயாம்? ரயில் ரோடு? இவரும் அங்க!" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் திரும்பி அவனைக் கூப்பிட்டாள். "இங்க வா. அக்கா புருஷன் சயாம்ல செத்து. உனக்குத் தெரியும்?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அங்க எத்தினியோ ஜனம். யார யாருன்னு தெரியும்?" என்றான்.

"பேரு சொல்லு அக்கா. பேரு சொன்னா தெரியும்."

பக்கத்தில் இருந்த ஜோதியம்மாள் குறுக்கிட்டாள். "நாங்க புருஷன் பேரச் சொல்லமாட்டோம் தாயி. ஆகாது."

மாரம்மா கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"கரியப்பன்" என்றாள்.

தாலி ஏறியதிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஜோதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லானின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "காரி?" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்குள் அவள் அவனைக் கூப்பிடுவது அப்படித்தான் என்பது மாரம்மாவுக்கு அந்தப் பார்வையிலேயே விளங்கியது. அவன் அவள் பாஷையில் ஏதோ அவசரமாகச் சொன்னான். குண்டானில் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்து தணிக்கவில்லை.

மாரம்மா எழுந்து நடந்தாள். பொழுது இறங்கும் நேரம். ஜல்லிக் குவியல்களைத் தாண்டும்போது பின்னால் ஓடி வரும் காலடி கேட்டது. கூட வந்த ஜோதியம்மாள் முன்னே போய்விட்டாள்.

"மாரி."

அவள் நின்றாள். இத்தனை வாரம் அதற்குத்தான் காத்திருந்தாள். கேட்டபோது அதில் ஒன்றுமில்லை.

"குழியிலதான் போட்டாங்க மாரி. உசிரு இருந்தது. ஏறி வந்துட்டேன். அப்புறம் யார் யாரோ எங்கெங்கயோ இழுத்துக்கினு போனாங்க. சைகோன்ல ஒரு ஜவுளிக்கடையில காவக்காரனா இருந்தேன். எதிர்ல இவ கூடையில அடுப்பு வெச்சு இதத்தான் வித்துக்கினு இருந்தா. நான் பட்டினியா கெடந்தப்ப சோறு போட்டவ இவ."

"ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்."

"நீ திம்மப்பனக் கூடிக்கினதா சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஊருக்குத்தான் வந்தேன். ஓசூரோட காலு நின்னுபோச்சு. பஞ்சாயத்துல சொல்லிடாத மாரி. இவளயும் பொண்ணயும் வெச்சுக்கினு நான் எங்க போவேன்?"

மாரம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"நீ கப்பலேறினப்ப நான் முழுகாம இருந்தேன். எனக்கே அப்பத் தெரியல. ஆம்பளப் புள்ள. எழுதிப் போட்டது, ஆளு இல்லன்னு தோட்டத்துலேருந்து திரும்பி வந்துடுச்சு. நாலு வயசுல அம்ம போட்டுச்சு. வேப்பலையில படுக்க வெச்சேன். எந்திரிக்கல."

அவன் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். மண்ணைக் கையால் பிடித்துப் பிடித்து விட்டான். பிறகு, "பேரு என்ன வெச்ச?" என்றான்.

"சொல்லமாட்டேன்."

"மாரி..."

"இத்தினி காலமா எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அத உங்கிட்டக் குடுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் குடிசைக்குப் போனாள்.

மறுவாரம் ஜல்லிக் குவியலுக்கு லான் வந்தாள். பெண்ணைக் கையில் பிடித்திருந்தாள். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது.

"அக்கா, அவர் உன்கிட்ட வந்துச்சா?"

"இல்லயே."

"போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி எல்லாம் சொல்லுச்சு. அழுதுச்சு. காலைல பம்பாய் லாரி ஏறிப் போயிடுச்சு. நீ கூட்டிட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

மாரம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வஞ்சம் தீர்ந்ததாக ஒரு சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"வருவாரா அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வரமாட்டான்" என்றாள்.

அதன்பின் லான் தனியாகவே கடையை நடத்திப் பார்த்தாள். சேவை பிழிய இரண்டு ஆள் வேண்டும். தண்ணீர் தூக்க ஆள் வேண்டும். "நீதான் போயி ஒத்தாசையா இரேன். ரெண்டு பேரும் ஒருத்தனால கெட்டவங்கதானே" என்று ஜோதியம்மாள் ஒருநாள் சொன்னாள். அந்தக் குழந்தையின் கண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. லானின்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்தும் போகவில்லை.

புருஷன் இல்லாத கடை என்று தெரிந்ததும் வருகிறவர்களின் பேச்சு மாறியது. சாப்பிட்ட பிறகும் எழாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிண்ணம் வாங்கும்போது கையைப் பிடித்தார்கள். அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான வெங்கடப்பன், கண்டவர்களையும் பெஞ்சில் உட்கார வைப்பதாக முன்பே கடுகடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது அவரே பொழுது சாய்ந்ததும் வந்து உட்காரத் தொடங்கினார். கடை இங்கேயே இருக்க வேண்டுமானால் தான் சொல்கிறபடி கேட்க வேண்டும் என்று ஒருநாள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். லானுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அது புரிந்தது.

புதுச்சேரியில் சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருப்பதாக ஒரு டிரைவர் சொல்லியிருந்தார். புரட்டாசி மாதத்தில் ஒரு காலை, லான் ஒரு தகரப்பெட்டியும் பெண்ணுமாக ஜல்லிக் குவியல் அருகே வந்து நின்றாள். தலையில் குண்டான். இறக்கி வைத்துத் திறந்தாள். ஆவி பறந்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சுத்தியைப் போட்டுவிட்டு வந்தார்கள். கல்லின்மேல் உட்கார்ந்து, கிண்ணங்களைக் கைமாற்றிக் குடித்தார்கள். அன்று ரசத்தில் கறி இல்லை. எலும்பும் முன்போல இல்லை. யாரும் குறை சொல்லவில்லை.

லான் மாரம்மாவின் பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, உன் பையன் பேரு சொல்லு."

மாரம்மா கிண்ணத்தைக் கல்லின்மேல் வைத்தாள். "அவன் கேட்டு அனுப்பினானா?"

"இல்ல. அவர் எங்கன்னு எனக்குத் தெரியாது. என் பொண்ணுக்கு அவன் அண்ணன். எங்க வீட்டுல செத்தவங்களுக்கு ஊதுபத்தி வெப்போம், சோறு வெப்போம். பேரு சொல்லிக் கூப்பிடணும். பேரு இல்லன்னா எப்படி வருவான்?"

மாரம்மா ரோட்டைப் பார்த்தாள். வண்டிகள் போயின.

"எல்லப்பன்" என்றாள்.

"எ... லா... பா."

"எல்லப்பன்."

லானுக்கு வரவேயில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சின்னப்பெண்தான் தாயின் தோளுக்குப் பின்னாலிருந்து தெளிவாகச் சொன்னது. ஓசூரில் மற்ற பிள்ளைகளோடு ஆடிப் பழகிய நாக்கு. மாரம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை. புதுச்சேரிக்குப் போகும் லாரி வந்து ஹாரன் அடித்தது. லான் குண்டானை அங்கேயே விட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

பெயரைச் சொன்ன பிறகு மனம் லேசாகிவிடும் என்பார்கள். மாரம்மாவுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. தன்னிடம் இருந்த ஒன்று குறைந்துபோனதாகத்தான் இருந்தது. அன்று பகல் முழுவதும் அவள் பாதிக் குவியல்கூட உடைக்கவில்லை. மேஸ்திரி இருமுறை வந்து கத்திவிட்டுப் போனான்.

கரியப்பனைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. லானிடமிருந்தும் தகவல் இல்லை. புளியமரத்தடியில் வெங்கடப்பனின் மைத்துனன் டீக்கடை வைத்தான். தார் போட்டு முடிந்ததும் ரோட்டுவேலைக்காரர்களைச் சூளகிரிப் பக்கம் அனுப்பினார்கள். மூட்டை முடிச்சோடு லாரியில் அந்த இடத்தைக் கடந்தபோது, "எறங்கி ஒரு டீ குடிக்கலாமா?" என்று ஜோதியம்மாள் கேட்டாள். கடை வாசலுக்கு வெளியே, மண்ணில் இரண்டு பேர் டம்ளரோடு குந்தியிருந்தார்கள்.

"வேணாம் அக்கா" என்றாள் மாரம்மா. லாரி நிற்காமல் போயிற்று.