கண் மட்டத்தில் ஒரு ஜன்னல்

“பேசினா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமாடி?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். சின்னவள் அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமி. வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் என்ன படிக்கிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் வகுப்பு, அவள் வயது, அவளுக்குப் பிடித்த நிறம் எல்லாவற்றையும் அக்காவே சொல்லி முடித்தாள். பிறகு கதவை இழுத்து எட்டிப் பார்த்து அப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு அவளே சிரித்தாள். அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும்.

அந்தக் கதவு இப்போது இல்லை. அது இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறது. அந்தச் சுவரைப் பார்த்தாற்போல் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு சின்னவள் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறாள். பகல் முழுக்கத் தலைக்கு மேல் பல்பு எரிகிறது.

அப்பா போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். முன்பக்கமும் அதை ஒட்டிய திறந்த வெளியும் பெரியவளுக்கு. பின்பக்கத்து இரண்டு அறைகள் சின்னவளுக்கு. பிரிக்கும்போது சுமுகமாகத்தான் பிரித்தார்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய் யார் பக்கம் வளைய வேண்டும் என்பதில் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் வார்த்தை தடித்தது. பெரியவளின் புருஷன் மெக்கானிக். அவன் கொத்தனாரைக் கூட்டிவந்து கதவை அடைக்கச் சொன்னான். சின்னவளின் புருஷன் பஸ் கண்டக்டர். அடைக்கிறதை ஒழுங்காக அடை என்று இந்தப் பக்கத்திலிருந்து அவனே செங்கல் எடுத்துக் கொடுத்தான். அக்காவும் தங்கையும் அவரவர் புருஷனுக்குப் பின்னால் நின்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சண்டை போட்ட இரண்டு பேரும் இப்போது டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பிரித்துப் படிக்கிறார்கள். பின்பாட்டுப் பாடிய இரண்டு பேருக்கும்தான் பேச்சில்லை. தெருவில் எதிரே வந்தால் பெரியவள் தன் கைப்பையைப் பார்ப்பாள். சின்னவள் தரையைப் பார்ப்பாள்.

ஆனால் சுவர் வழியாக அவளுக்கு எல்லாம் தெரியும். அக்கா வாளியைத் தரையில் வைப்பது, கொடியில் போடுமுன் ஒவ்வொரு துணியையும் இரண்டு தரம் உதறுவது, போனில் யாரிடமோ பேசிச் சிரிப்பது. சிரிப்பு மட்டும் வரும், எதற்கென்று வராது. இந்த மழைக்காலத்திலிருந்து ஒரு வறட்டு இருமலும் சேர்ந்திருக்கிறது. அது தொடங்கினால் சின்னவளின் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிடும். அடங்கிய பிறகுதான் மறுபடி மிதிப்பாள்.

ஒரு தடவை பெல்ட் அறுந்து மிஷின் சும்மா கிடந்தது. அன்றைக்கு அந்தப் பக்கத்து ரேடியோவின் சத்தம் குறைந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் வெகுநேரம் குறைந்தே இருந்தது. தற்செயலாக இருக்கலாம். அந்தத் தற்செயலை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி வண்டி ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்தது. பகலிலும் விளக்குப் போடவேண்டிய வீடுகளுக்கு, மின்சாரம் மிச்சமாகட்டும் என்று, நகராட்சியே ஜன்னல் வைத்துத் தருமாம். அது வேண்டாம் என்பவர்கள் ஊர்க்கோடியில் கட்டும் மலிவு விலைக் குடியிருப்புக்கு மனுப் போடலாமாம். இரண்டில் ஒன்றுதான்.

“குடியிருப்புக்கே போட்டுடுவோம்,” என்றான் கண்டக்டர், சீருடைச் சட்டையைக் கழற்றியபடி. “லிஃப்ட் இருக்காம். மேல் மாடி கிடைச்சா காத்து பிச்சுக்கும். இந்தக் குகையில கிடந்து என்னத்தைக் கண்டோம்?”

“வேண்டாங்க.”

அவன் கை பொத்தானிலேயே நின்றது. கல்யாணமானதிலிருந்து அவள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை.

“ஏன்?”

“இங்கயே ஜன்னல் வெச்சுக்கலாம்.”

“மகாராணியே வாயைத் திறந்தாச்சு. அப்புறம் என்ன? போலாம், ரைட்,” என்று பஸ்ஸை அனுப்புகிற மாதிரி சொன்னான் அவன்.

சுவரைப் பார்க்க நகராட்சி ஓவர்சியர் வந்தாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண். வெளிச்சம் அளக்கிற கருவியை மிஷின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்த இருட்டுலயா ஊசில நூல் கோக்கறீங்க?” என்றாள்.

முதல் வார்த்தைக்கு மேல் சின்னவளின் காதில் விழவில்லை. அந்த அறையில் அந்த வார்த்தை ஒலித்து எவ்வளவு காலமாயிற்று.

ஓவர்சியர் நாற்காலி போட்டு ஏறிச் சுவரின் உச்சியில், ஜன்னலின் அடி விளிம்பு வரும் இடத்தில், சாக்பீஸால் கோடு போட்டாள். “இது அடுத்த வீட்டு வெளியைப் பாத்த சுவர். ஏழடிக்கு மேல வெச்சா அவங்களைக் கேக்க வேண்டியதில்ல. அனுமதி நாளைக்கே வந்துடும்.”

“கீழ வெக்கலாமா?”

“வெக்கலாம். ஆனா அந்த வீட்டுக்காரங்க நேர்ல இங்க வந்து, கோட்டைப் பாத்து, சம்மதம்னு கையெழுத்துப் போடணும். அவங்க வரலைன்னா அனுமதி கிடையாது. எதுக்குக்கா வம்பு? வெளிச்சம் மேலேர்ந்து வந்தா என்ன, கீழேர்ந்து வந்தா என்ன?”

“கண்ணாடி தொடைக்கணும்ல,” என்றாள் சின்னவள். “எட்டாது.”

“அதுக்கு நான் ஒரு ஸ்டூல் வாங்கித் தரேன்,” என்றான் கண்டக்டர். “உங்கக்கா கையெழுத்துப் போடறதுக்குள்ள, பல்பு கண்டுபிடிச்சவனே எழுந்து வந்து ஜன்னல் வெச்சுக் குடுத்துட்டுப் போயிடுவான்.”

அவர்கள் இருவரும் சொன்னது நியாயம்தான். மேலே வைத்தாலும் வெளிச்சம் வரும். துணி உதறுகிற சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆனால் சிரிக்கும்போது அக்கா இன்னும் புறங்கையால் வாயை மூடிக்கொள்கிறாளா? தலை எவ்வளவு நரைத்திருக்கிறது? இருமல் வரும்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்? ஏழடிக்கு மேல் வைத்த ஜன்னலில் வானம்தான் தெரியும். வானத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

“கீழயே போடுங்க,” என்றாள்.

ஓவர்சியர் கண்டக்டரைப் பார்த்தாள். அவன் கையை விரித்தான். நின்று பார்த்தால் வெளியே தெரிகிற உயரத்தில் அவள் இன்னொரு கோடு போட்டாள். “வியாழக்கிழமை காலைல வரேன். அவங்க வந்தா இது. வரலைன்னா மேல் கோடு. சரியாக்கா?”

விஷயம் டீக்கடை பெஞ்ச் வழியாகத்தான் அந்த வீட்டுக்குப் போனது. “சகலை காதுல போட்டுட்டேன்,” என்றான் கண்டக்டர். “சொல்றேன்னான். ஆனா வீட்ல அவன் பேச்சுக்கு, குடிச்சு வெச்ச டீ கிளாசுக்கு இருக்கிற மரியாதைதான் இருக்காம்.”

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்கின் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு இருமல் மட்டும் கேட்டது.

வியாழக்கிழமை ஓவர்சியர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். போனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். “வேற வீடுங்களும் இருக்குக்கா. கோவிச்சுக்காதீங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, மேல் கோட்டை அழுத்தி வரைய ஏறினாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு பெரியவள் வந்திருந்தாள். துணி துவைத்த கை இன்னும் ஈரமாக இருந்தது. வகிடு நெடுக வெள்ளை. சின்னவளின் கால் தானாகவே அறைக் கதவின் பின்னால் போய் நின்றது.

ஓவர்சியர் இறங்கி வந்து, “இந்தக் கீழ் கோடுதான்மா. நின்னா உங்க வெளி தெரியும். ஆட்சேபணை இல்லைன்னா ஒரு கையெழுத்து,” என்றாள்.

பெரியவள் எரியும் பல்பைப் பார்த்தாள். அடுக்கி வைத்த சீருடைகளைப் பார்த்தாள். கதவு இருந்த இடத்துக்குப் போய்ப் பூச்சின்மேல் விரலை வைத்தாள். பிறகு திரும்பி, மிஷினுக்கு முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தைக்கிறவள் மாதிரியே முதுகை வளைத்துக் காலை மிதிகட்டையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது.

அவள் ஓவர்சியரிடம் கையை நீட்டினாள். எதற்கென்று புரியாமல் அந்தப் பெண் பேனாவைக் கொடுத்தாள். பெரியவள் தலையாட்டி மறுத்து, சாக்பீஸைச் சுட்டி வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தபடியே மிஷின் மேல் சாய்ந்து, தன் கண் மட்டத்துக்கும் நன்றாகக் கீழே சுவரில் ஒரு கோடு இழுத்தாள்.

“அவ்வளவு கீழயா?” என்றாள் ஓவர்சியர். “உங்க வெளி முழுக்கத் தெரியுமேம்மா. உக்காந்து தைக்கும்போது கூட.”

பெரியவள் இப்போது பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

சின்னவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

“அக்கா,” என்றாள். “அந்த இருமலுக்கு... டாக்டர்கிட்ட காட்டினியா?”

பெரியவள் முக்காலியை விட்டு எழுந்தாள். தங்கையை நேராகப் பார்த்தாள். உதடு அசைந்தது. சட்டென்று புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, இருமலா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. மூடிய கையை எடுக்காமலே சாக்பீஸை மிஷின் மேல் வைத்தாள். வாசலைத் தாண்டிப் போனாள்.