சதுர அடைப்புக்குள் ஓர் ஆள்

கரைவலை மீனவர் சங்கத்தின் முறைப்பாட்டை எமிலியா எழுதி முடித்து இரண்டு நாளாகிவிட்டது. அனுப்பத்தான் கை வரவில்லை.

யுத்தம் முடிந்தபின் கற்பிட்டிக் கரைக்கு வந்த ஹோட்டல்களில் ஒன்று, வலை இழுத்துக் கரை சேர்க்கும் இடத்தை மறித்துக் கம்பி வேலி போட்டுவிட்டது. சாட்சிக்கு நான்கு படங்கள் இருந்தன. ஆனால் முறைப்பாடு போடும் அரசாங்க இணையப் பக்கம் வெறும் எழுத்தை மட்டுமே ஏற்கும்.

வெறும் எழுத்தாக மாற்றும்போது கணினி இரண்டு விஷயம் கேட்டது. இணைப்புகளை எப்படிக் காட்ட? முகவரியோடு காட்டு என்று கொடுத்தாள்; நில அளவை வரைபடத்தை அதிகாரிகள் திறந்து பார்க்க வேண்டுமே. படங்களை என்ன செய்ய? விட்டுவிடலாம், அல்லது அவள் எழுதும் விவரணத்தைச் சதுர அடைப்புக்குள் வைக்கலாம். விட்டால் சாட்சியே இல்லை.

மூன்று படங்களுக்கு எழுதிவிட்டாள். நான்காவதில் ஒருவன் கடலுக்குள் நின்று வேலிக்கம்பம் இறக்குகிறான். வேலி எவ்வளவு தூரம் தண்ணீருக்குள் போயிருக்கிறது என்பதை அவன் காலில் தண்ணீர் ஏறியிருக்கும் அளவை வைத்துத்தான் சொல்ல முடியும். முதுகு மட்டும் தெரிவதால் சங்கத்தில் யாரும் அவனை அடையாளம் காணவில்லை. அந்த முதுகு தன் தம்பி ஜெனிஸ்டனுடையது என்று எமிலியாவுக்குத் தெரியும்.

படம் பேசாமல் இருந்துவிடும். எழுத்துக்கு அந்த வசதி இல்லை. ‘ஓர் ஆள் முழங்கால் தண்ணீரில் நின்று கம்பம் நடுகிறார்’ என்று எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி குடிக்க வந்த ஜெனிஸ்டன் பின்னால் நின்று வாசித்தான்.

“ஓர் ஆளாம்! ஆரக்கா அந்தப் பெரிய மனுசன்?”

“முதுகுதானே தெரியுது.”

“உனக்குத் தெரியுமே.”

அவன் கோப்பையில் படிந்த ஆடையை ஊதி ஒதுக்கினான்.

“ஞாயிறு பூசைக்குப் பிறகு உங்கட தலைவர் சூசைப்பிள்ளை அண்ணன் இதைச் சங்கத்தில வாசிப்பார்,” என்றான். “ஊரிலயிருந்து ஹோட்டல் வேலைக்குப் போறது நானும் றொகானும்தான். ஊர் றொகான்லதான் பழி போடும். அவன்ர வாய் அப்பிடி.”

“பேரைப் போட்டா உன்ர வேலை போயிடும்.”

“போனா வலை இழுக்க வாறன். கயிறு பிடிக்க ஆளில்லையெண்டுதானே உங்கட சங்கம் ஒப்பாரி வைக்குது.”

“பகிடி விடாத. யோசிச்சுச் சொல்லு.”

“கம்பத்தை இறக்கேக்கையே யோசிச்சனான்.” திரையைத் தொட்டுக் காட்டினான். “முழங்கால் எண்டும் போடாத. படம் எடுக்கேக்க கடல் வத்தியிருந்தது. பெருகினா தண்ணி தொடைக்கு வரும். அதை நான் சொன்னதா எழுது.”

அவள் ‘ஓர் ஆள்’ என்பதை அழித்தாள். அடைப்புக்குள் தம்பியின் பெயரை எழுதினாள். கடல் பெருகினால் தண்ணீர் தொடைவரை ஏறும் என்று அவனே சொல்வதாகவும் எழுதினாள். முழுவதையும் வாசித்துக் காட்டினாள். தலையைக் குனிந்து கேட்டவன், “ம்” என்றான்.

அனுப்பினாள்.

ஹோட்டல் கொடுத்த தொப்பி மேசையில் கிடந்தது. அதை எடுத்துக் கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையில் போட்டுக்கொண்டு, “வெயில்” என்று மட்டும் சொல்லிப் போனான்.