பாக்கெட் அச்சு

தையல்கடை மாஸ்டருக்கு வாய் நீளம். துணியை அளந்து வெட்டுவாரே தவிர, பேச்சை என்றைக்கும் அளந்ததில்லை. மாடிவீட்டு அக்காவின் வட்டிக் காசோலை தபாலில் காணாமல் போனபோதும் அந்த வாய்தான் முந்திக்கொண்டது.

அக்கா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையெல்லாம் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருந்தார். வட்டி, காசோலையாகத் தபாலில் வரும். வாடகை, மருந்து எல்லாம் அதில்தான். இந்தத் தடவை வரவில்லை. "நாங்க அனுப்பிட்டோம்" என்று நிறுவனம் கையை விரித்தது. அக்கா லேசில் விடுகிற ஆளா? நுகர்வோர் குறைதீர் மையத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். காசோலையை யாரும் மாற்றவில்லையென்றால் அதை நிறுத்திவிட்டு வேறு கொடுக்கவேண்டியது உங்கள் பொறுப்பு என்று அவர்கள் ஓர் அதட்டல் போட்டதும் நிறுவனம் இறங்கி வந்தது.

அதோடு போயிருக்கலாம். ஆனால் காணாமல் போனது எங்கே என்று தபால் நிலையத்தில் விசாரணை ஆரம்பித்தார்கள். தபால்காரருக்கு முட்டிவலி, மாடிவீட்டுத் தபாலையும் மாஸ்டரின் மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் மாஸ்டர் அடித்துச் சொன்னார்: "என் மேசைக்கு வரவே இல்ல சார். வந்திருந்தா என் கண்ணுல படாம போயிருமா?" கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

இன்று அந்தத் தபால்காரரே சீருடைச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், இந்தப் பாக்கெட்டை மட்டும் மாத்திக் குடுங்க. நாளைக்கு விசாரணை. கிழிசலோட போய் நிக்காதீங்கன்னு வீட்டுல சொல்றா."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தவற விட்டுட்டேன்னுதான். நீங்க என்ன பொய்யா சொல்லுவீங்க? இந்த மேசையில வெச்ச மாதிரியே இருக்கு, ஆனா என் ஞாபகத்தை நானே நம்ப முடியல. பூட்டின கதவைக்கூட திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேன். வேலை போனா போகட்டும், புத்தி போயிருச்சோன்னுதான் பயமா இருக்கு."

அவர் தெருவைப் பார்த்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாஸ்டர் ஆணியில் தொங்கிய பாக்கெட் அச்சை, துணி வெட்ட அளவு வைக்கும் அட்டையை, எடுத்தார். அட்டைக்குக் காசு கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மேசைக்கு வருகிற விளம்பர உறைகளில் விறைப்பானதாகப் பார்த்து, யார் பெயருக்கு வந்தது என்றும் பார்க்காமல், பிரிக்காமலே வெட்டி அச்சாக்கிக்கொள்வார். அந்தச் சிக்கனத்தில் அவருக்கு ஒரே பெருமை.

துணிமேல் வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தார். அச்சின் ஓரம் பிரிந்தது. வழவழப்பான விளம்பரத் தாளுக்கு நடுவே மெல்லிய தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. நிதி நிறுவனத்தின் முத்திரை போட்ட காசோலை. அக்காவின் பெயரில் பாதி. மீதிப் பாதியைக் கத்தரி கொண்டுபோயிருந்தது.

மாஸ்டர் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். தபால்காரர் திரும்பவில்லை. மேசைக்கடியில் வெட்டுத்துணி மூட்டை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கை அங்கேதான் போனது. அச்சை மூட்டைக்குள் திணித்துவிட்டு, கண்மதிப்பில் பாக்கெட்டை வெட்டித் தைத்தார். தையல் கோணியது. பிரித்துத் திரும்பத் தைத்தார்.

"எவ்வளவு மாஸ்டர்?"

"ஒண்ணும் வேணாம்."

"அட, வாங்கிக்கோங்க. எனக்கு எதிரா சாட்சி சொன்னவர்கிட்ட ஓசியில தைச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்று தபால்காரர் சிரித்தார். கேலிக்குத்தான் சொன்னார், துளிக்கூட கோபமில்லை.

அந்தச் சிரிப்பை மாஸ்டரால் தாங்க முடியவில்லை. குனிந்து மூட்டையைக் கிளறி அச்சை வெளியே எடுத்தார். "அக்கா, கொஞ்சம் கீழ வாங்க!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்.

அக்கா வந்து பார்த்தார். "அடப்பாவி! இந்த மனுஷனைப் போய் நானும் சந்தேகப்பட்டேனே!"

"நான்தான் வெட்டினேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. இப்பவும் ஒளிச்சு வெச்சேன். நாளைக்கு நானே வந்து அதிகாரிகிட்ட சொல்றேன்."

தபால்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் அறை விடுவார் என்று மாஸ்டர் காத்திருந்தார். விட்டிருந்தால் தேவலை.

"அப்ப நான் இங்கதான் வெச்சிருக்கேன்."

"இங்கதான் வெச்சீங்க."

"நான் தவற விடல."

"இல்ல. நீங்க தவற விடல."

தபால்காரர் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் சொன்னார்.