வெறும் எண்ணெய் காய்ந்த கடை

எங்கள் தெருவில் பஸ் போனால் எங்கள் கடை வாசனை அடிக்கும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டீசல் தட்டுப்பாடு வந்து பாதி பஸ்கள் டிப்போவிலேயே தூங்கிய வருஷம், சமையல் எண்ணெயிலிருந்து எடுக்கிற எரிபொருளில் ஓடும் பஸ்களை விட்டார்கள். அதில் ஒன்றை ஓட்டுவது என் மகள். நானும் என் வீட்டுக்காரரும் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிறவர்கள். பொரித்து மிஞ்சின எண்ணெயை டப்பாக்காரர் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் போவார். அது எங்கோ போய், ஏதோ ஆகி, என் பெண்ணின் வண்டிக்குள் இறங்கும். மூன்றரை மணிக்கு அவள் கடையைத் தாண்டும்போது பின்னால் நீலமாக ஒரு புகை, அதில் போன வாரத்து மீன் வாசனை. வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்வேன். என் கை பக்குவம் ஊரைச் சுற்றி வருகிறது என்று ஒரு கிறக்கம்.

எல்லா ஊரிலும் பஸ்ஸும் லாரியும் எண்ணெய்க்கு வாயைப் பிளந்து நின்றால் விலை சும்மா இருக்குமா? புது டின் விலை ஏற ஏற நான் கிழங்கை மெலிதாக நறுக்கினேன். எதிரே இருக்கிற தையல் பட்டறைப் பெண் ஒருத்தி ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அக்கா, இதுக்குள்ள தெருவே தெரியுது" என்றாள். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

அப்புறம்தான் கூத்து. பொரித்த எண்ணெயின் விலை புது எண்ணெயைத் தாண்டிவிட்டது. அரசாங்கம் பழைய எண்ணெய்க்கென்று தனியாக ஊக்கத்தொகை கொடுக்கிறதாம். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"பொரிச்சா பாதி எண்ணெயைக் கிழங்கு குடிச்சிடுது. ஒரு டின் கறுக்க ஒரு வாரம் ஆகுது. எதையும் போடாம சும்மா காய்ச்சி வித்தா ரெண்டே நாள், சொட்டுகூடக் குறையாது."

"பொரிக்கலன்னா அது என்னங்க கடை?"

"வாடகை கட்டினாத்தான் கடையே இருக்கும்."

'இன்று இல்லை' என்று அட்டையில் எழுதி மாட்டினோம். மகள் டிப்போ பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளிடம் மூச்சு விடவில்லை.

முதல் தடவை டப்பாக்காரர் எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இத்தனை வருஷம் "என்னம்மா, தார் காய்ச்சுறீங்களா?" என்று திட்டின மனிதர். "ரொம்பச் சுத்தமா இருக்கே, பொரிச்ச எண்ணெய் மாதிரியே இல்லையே" என்றார். அதனால் நிறத்துக்கு ஒரு கிழங்குத் துண்டைப் போட்டோம். ஒரே துண்டு. அது காலையிலிருந்து மாலை வரை சட்டிக்குள் சுற்றிச் சுற்றி வரும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அனலில் தெரு நெளியும், நடந்து போகிறவர்கள் தண்ணீருக்கடியில் போவதுபோல மெதுவாகப் போவார்கள். நாலு மணிக்குப் பட்டறைப் பெண்கள் வருவார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், போவார்கள். அப்புறம் அட்டையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். ஊரில் இன்னும் எத்தனை கடைகள் இந்த வேலையில் இறங்கினவோ, பஸ் புகையில் வாசனையே இல்லாமல் போனது. எனக்கு இதை விட்டால் வேறு தொழில் தெரியாது. பசியோடு ஒரு முகம் வந்தால் கை தானாகக் கிழங்குக் கூடைக்குப் போகும். அந்தக் கைக்குப் பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

நேற்று மூன்றரைக்கு வந்த பஸ் கடைக்கு முன்னால் இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. மகள் இறங்கி வந்தாள்.

"டேங்க் காலிம்மா. ரெண்டு நாளா டிப்போல அளந்துதான் ஊத்துறாங்க. எண்ணெய் எல்லாம் விலை அதிகம் கிடைக்கிற ஊருக்குப் போயிடுதாம். லாரி வர ஒரு மணி நேரம் ஆகும். பசி உயிர் போகுது, என்ன இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டியை எடுத்து அந்தத் துண்டை அள்ளி, ஊதி ஊதிக் கடித்துவிட்டாள். உடனே உள்ளங்கையில் துப்பினாள். கரி.

"என்னம்மா இது?"

"நிறத்துக்கு" என்றேன். இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றதில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

அவளுக்குப் பின்னால் பயணிகள் இறங்கி வந்து நின்றார்கள். காய்கிற எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அடுப்பை அணைத்தேன். வேறு சட்டியை எடுத்து வைத்து, காய்ச்சுவதற்கென்று வாங்கியிருந்த புது டின்னை உடைத்து ஊற்றினேன்.

"ஏய், நம்மகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியும்ங்க."

அவர் மகளின் கையிலிருந்த கரித்துண்டைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனார்.

அவர் வாங்கி வந்த கிழங்கைத் தடிமனாக நறுக்கினேன். கை எதையும் மறந்திருக்கவில்லை. எண்ணெய் முதல் துண்டை வாங்கிக்கொண்டு சலசலத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் பட்டறைப் பெண்களும் வந்துவிட்டார்கள். பழைய விலைக்கே கொடுத்தேன். லாரி வந்து எரிபொருள் ஊற்றியபோது பயணிகள் எல்லாரும் பொட்டலத்தோடு பஸ்ஸில் ஏறினார்கள். மகள் வாய் நிறைய மென்றுகொண்டே வண்டியை எடுத்தாள்.

வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னல்கள் வழியாக வாசனை வந்தது. பின்னால் வந்த புகையில் ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது வீட்டுக்காரர் குனிந்து சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி போச்சு. நாளைக்கு என்ன பண்ணுறது?"

"கிழங்கு மிச்சம் இருக்குங்க" என்றேன்.

அவர் அட்டையை ஆணியிலிருந்து கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.