ஆளில்லாத் தோட்டத்தில் கொசுப்புகை

முகில் தவழும் சுண்ணக்குன்றுகள் ஈப்போ நகரைச் சூழ்ந்து நிற்க, மாலை மழை ஓய்ந்து, அடுக்குமாடி வீடுகளின் முகப்புகளில் துணிகள் நீர் சொட்டிக்கொண்டிருந்த வேளையில், நான்காம் மாடியில் குடியிருந்த ரூபன், காய்ச்சலால் துவண்ட மூத்த மகள் ஷாமினியைத் தோளிற் சுமந்து மருத்துவமனை புகுந்தான். குருதியை ஆய்ந்தோர் டெங்கி என்றனர். அம்மருத்துவமனையும் மாவட்ட நலவாழ்வுத் துறையும் கைகோத்துச் செய்த ஏற்பாடு ஒன்றுண்டு. நோயாளி வாழுமிடத்தை மருத்துவமனை அன்றே அறிவிக்க, துறையினர் மறுநாளே அங்குச் சென்று தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொசுப்புகை அடிப்பர்.

"எங்கண்ணே இருக்கீங்க?" என்று செவிலி சரளா வினவினாள்.

ரூபன் திகைத்தான். அவன் பிறந்த பால்மரத் தோட்டம் விற்கப்பட்டு ஆண்டுகள் பல கழிந்தும், தோட்ட முகவரி உடையோர்க்கு மாற்று வீடு கிடைக்குமென்று யாரோ சொன்ன சொல்லை நம்பி, ஐசி எனும் அடையாள அட்டையில் முகவரியை அவன் மாற்றவேயில்லை. உண்மையைச் சொன்னால் வீடு கைநழுவுமென்று அஞ்சினான்.

"ஐசில உள்ளதையே போடுங்க மிஸ்ஸி. அங்கதான் இருக்கோம்."

"என்னங்க, நாம அங்க இல்லையே!" என்று மனைவி தினேஸ்வரி காதோடு சொன்னாள்.

"சும்மா இரு லா. நம்ம பையன் பவித்ரனுக்கு ஒரு வீடு வேணாமா?"

அட பாவி! நோய்க்கும் வீட்டுக்கும் முடிச்சுப் போட்டாயே!

மறுநாள் துறை அலுவலர் உடையப்பன் தோட்டம் சென்றார். பாதி இடிந்த வீட்டு வரிசையைச் எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்கள் மூடிக்கிடக்கக் கண்டு, ரூபனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, இங்க ஒரு ஆளும் காணோமே?"

"எல்லாரும் வேலைக்குப் போயிட்டோம் லா."

ஐயம் எழுந்தும், காத்திருந்த வேறு வேலைகளை எண்ணி, ஆளில்லாத அவ்விடத்திற் புகையடித்து அவர் திரும்பிவிட்டார். அடுக்குமாடியிலோ கொசுக்கள் குறையாமற் பெருகின. ஷாமினி தேறி வீடு திரும்பிய வாரமே, இளையவன் பவித்ரன் காய்ச்சலில் விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடினர், அவன் பிழைக்கவில்லை.

இம்முறை சரளா கேட்குமுன் தினேஸ்வரியே நான்காம் மாடியென்று கதறிச் சொன்னாள். அடக்கம் முடிந்து வந்தவர்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, துறையினர் வீட்டுக்குள் புகையடித்தனர்.

"பையனுக்கு வீடுன்னீங்களே, பையன் எங்கங்க?" என்று அவள் கேட்டாள்.

ரூபன் வாழுமிடத்தைக் கேட்டறிய மருத்துவமனையும் துறையும் இருந்தன. எதற்கு அஞ்சிப் பொய் சொல்கிறான் என்று கேட்க ஒருவரும் இருந்திலர். அக்கேள்வியை எவரேனும் கேட்டிருப்பின், படிப்போரே, அச்சிறுவன் இன்றும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பான்.